எஸ்சிஎக்ஸ்24-ஐ அகலமாக நிறுத்த: ஹெக்ஸ் எக்ஸ்டெண்டர், ஆஃப்செட் வீல், அகல ஆக்சில் – எது காசுக்குத் தகும்?

ஆக்சியல் நிறுவனத்தின் எஸ்சிஎக்ஸ்24 என்ற ரிமோட் கண்ட்ரோல் பொம்மை வண்டியைப் பெட்டியிலிருந்து எடுத்து நேராகப் பாறையில் விட்டுப் பாருங்கள். நேர் ஏற்றத்தில் மூக்கைத் தூக்கிக்கொண்டு தைரியமாக ஏறும். அதே பாறையில் பக்கவாட்டில் போகச் சொன்னால் பாதி வழியில் உருண்டுவிடும். 2019-ல் வந்த இந்த 1:24 அளவு கிராலருக்கு (பாறை ஏறும் வண்டிக்கு) அன்றும் இன்றும் இதுதான் பெரிய குறை: பாடி உயரம், கால் குறுகல். வீல்களை வெளியே தள்ளி வண்டியை அகலமாக நிறுத்தினால் இந்தக் குறை தீரும் என்று சொல்லி மூன்று வகைச் சாமான்களை விற்கிறார்கள். தடிமன் கூடிய 7 மி.மீ. ஹெக்ஸ் (ஆக்சில் முனைக்கும் வீலுக்கும் நடுவே உட்காரும் அறுகோணத் துண்டு) ஒன்று, ஆஃப்செட் கூடிய, அதாவது நடு வெளியே தள்ளி நிற்கும், 1.0 அங்குல பீட்லாக் வீல் (டயரை ஒட்டாமல் வளையமும் ஸ்க்ரூவும் போட்டுப் பிடிக்கும் வீல்) இன்னொன்று, முழு அகல ஆக்சில் (இரு பக்க வீலையும் தாங்கும் குறுக்கு அச்சு) செட் மூன்றாவது. மூன்றையும் இங்கே எடை போடலாம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பக்கத்துக்கு 3 முதல் 4 மி.மீ. வரை போதுமென்றால், ஆஃப்செட் வீல்தான் முதல் தேர்வு. கையிலிருக்கும் வீலை மாற்ற மனமில்லை என்றால் ஹெக்ஸ் எக்ஸ்டெண்டர் வாங்கலாம், ஆனால் சரியான வகையைப் பார்த்து வாங்க வேண்டும். அதைத் தாண்டிய அகலம் வேண்டுமென்றால் ஆக்சிலையே அகலப்படுத்துங்கள். ஹெக்ஸின் மேல் ஹெக்ஸ் அடுக்கி 7, 8 மி.மீ. தள்ளுகிறவர்கள் வண்டியின் முன்பக்கத்தைத் தாங்களே உடைக்கிறார்கள்.

அகலம் எவ்வளவு உதவும்?

கணக்கு எளிமையானது. வண்டி பக்கவாட்டில் கவிழும் கோணத்தை இரண்டே அளவுகள் தீர்மானிக்கின்றன: வண்டியின் நடுக்கோட்டிலிருந்து டயரின் வெளி விளிம்பு வரை உள்ள தூரம், தரையிலிருந்து எடை மையத்தின் உயரம். உதாரணத்துக்கு இரண்டும் 40 மி.மீ. என்று வையுங்கள். கவிழும் கோணம் 45 டிகிரி. பக்கத்துக்கு 4 மி.மீ. அகலப்படுத்தினால் 47.7 டிகிரி. 8 மி.மீ. தள்ளினால் 50.2 டிகிரி. இப்போது அகலத்தைத் தொடாமல் எடை மையத்தை மட்டும் 4 மி.மீ. இறக்கிப் பாருங்கள்: 48 டிகிரி.

4 மி.மீ. அகலம் தருவதைவிட 4 மி.மீ. தாழ்வு ஒரு மயிரிழை கூடுதலாகவே தருகிறது. ஆகவே பாடியின் மேல் ரூஃப் ரேக், உதிரி டயர், லைட் பார் என்று அலங்காரத்தைச் சுமத்திக்கொண்டு கீழே அகல ஹெக்ஸ் போடுவதில் அர்த்தமில்லை. முதலில் மேலே இருப்பதைக் கழற்றுங்கள், பேட்டரியை எவ்வளவு கீழே கொண்டுவர முடியுமோ அவ்வளவு கீழே கொண்டுவாருங்கள். அதற்குப் பிறகும் உருண்டால் அகலத்தைப் பற்றி யோசிக்கலாம்.

இன்னொன்றும் தெளிவாக இருக்கட்டும். வீல் டிராக் அகலம் பக்கக் கவிழ்வுக்கு மட்டுமே மருந்து. செங்குத்தான ஏற்றத்தில் வண்டி பின்னோக்கி மல்லாந்து விழுகிறதென்றால் அது வீல்பேஸ் (முன் வீலுக்கும் பின் வீலுக்கும் உள்ள தூரம்) சம்பந்தப்பட்டது, முன் எடை சம்பந்தப்பட்டது. அதற்கு அகல ஹெக்ஸ் ஒரு துளியும் உதவாது.

வாங்குவதற்கு முன் உங்கள் வண்டியை அளந்துகொள்ளுங்கள். ஒரு வழவழப்பில்லாத பலகை போதும். மேலே உப்புத்தாள் ஒட்டினால் இன்னும் நல்லது, டயர் வழுக்காது. பேட்டரி போட்டு, ஓட்டும் நிலையில் வண்டியைப் பலகையில் குறுக்காக நிறுத்துங்கள். பலகையின் ஒரு விளிம்பை மெல்லத் தூக்குங்கள். மேல் பக்கத்து டயர்கள் இரண்டும் பலகையை விட்டு எழும் நொடியில் கோணத்தைக் குறியுங்கள். கைப்பேசியில் உள்ள லெவல் செயலியே போதும். வண்டியைத் திருப்பி மறு பக்கத்தையும் பாருங்கள். இரண்டு பக்கமும் ஒரே கோணம் வராவிட்டால் பேட்டரியோ வயரோ ஒரு பக்கமாக உட்கார்ந்திருக்கிறது. அதைச் சரிசெய்வதற்குச் செலவே இல்லை. ஸ்பிரிங் ஒரு பக்கமாக அமுங்கிச் சாய்வதால் கிடைக்கும் கோணம் வெறும் கணக்கில் வருவதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். சாமான் போட்ட பின் அதே பலகை, அதே பேட்டரி, அதே இடம். அப்போதுதான் வாங்கியது வேலை செய்ததா என்று தெரியும்.

ஹெக்ஸ் எக்ஸ்டெண்டர்

எஸ்சிஎக்ஸ்24, எஃப்எம்எஸ் எஃப்சிஎக்ஸ்24, டிராக்ஸஸ் டிஆர்எக்ஸ்-4எம் மூன்றுமே 7 மி.மீ. ஹெக்ஸ் வண்டிகள். அதனால் ஒரே சாமானை மூன்றுக்கும் பொருந்தும் என்று எழுதி விற்கிறார்கள். வீல் பக்கம் அது உண்மை. ஆக்சில் பக்கம் உண்மையா என்பது வேறு விஷயம்: ஸ்டப் ஆக்சிலின் (வீல் மாட்டும் தண்டு முனையின்) பருமன், மரை, குறுக்குப் பின் (தண்டின் குறுக்கே சொருகும் சிறு கம்பி) மூன்றையும் அந்தந்த வண்டிக்குப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். எஸ்சிஎக்ஸ்24-ல் வீலைப் பிடிப்பது எம்2 நைலாக் நட், 4 மி.மீ. நட் டிரைவரில் கழலும்.

சந்தையில் இரண்டு விதமான ஹெக்ஸ் கிடைக்கின்றன. புகைப்படத்தில் இரண்டும் ஒரே மாதிரித் தெரியும், வித்தியாசம் வாங்கிய பிறகுதான் புரியும்.

முதல் விதம் வெறும் தடித்த ஹெக்ஸ். பழைய ஹெக்ஸ் இருந்த இடத்தில் இதைச் சொருகி, மேலே வீலை வைத்து, பழைய நட்டையே முறுக்க வேண்டும். இங்கேதான் சிக்கல். ஹெக்ஸ் எவ்வளவு தடித்ததோ அவ்வளவு தூரம் வீல் வெளியே போகிறது. ஸ்டப்பின் மரையோ நீளவில்லை. நட்டின் உள்ளே இருக்கும் நைலான் வளையத்தைத் தாண்டி ஒரு முழு மரையாவது வெளியே தெரிய வேண்டும். தெரியாவிட்டால் நைலான் எதையும் பிடிக்கவில்லை என்று அர்த்தம். வெறும் நட் பாறையில் முன்னும் பின்னும் ஆட்டி எடுக்கப்படும்போது கழன்றுவிடும். எம்2 நட் புல்லில் விழுந்தால் கிடைக்காது. இந்த வகை, வீலின் நடுத்தட்டு மெலிதாக இருக்கும் வண்டிகளில் 1, 2 மி.மீ. வரை மட்டும் சரிப்படும். அதற்கு மேல் வேண்டாம்.

இரண்டாவது விதத்தில் ஹெக்ஸுக்கு உள்ளே மரை உண்டு. ஸ்டப்பின் மரையில் அதுவே ஏறி உட்காரும். வெளிப்பக்கம் வீலைப் பிடிக்கத் தனியாக ஒரு மரைத்தண்டோ அல்லது ஸ்க்ரூ போடத் துளையோ இருக்கும். 2 மி.மீ.-க்கு மேல் தள்ள நினைப்பவர்கள் இதைத்தான் வாங்க வேண்டும். நீண்ட ஸ்டப் ஆக்சில்களோடு சேர்த்தே வரும் செட்டுகளும் உண்டு. அவை இன்னும் மேல், ஏனென்றால் அங்கே வீலைத் தாங்குவது எஃகுத் தண்டு, பித்தளைக் குழாய் அல்ல.

பித்தளையா, அலுமினியமா? விற்பவர்கள் பித்தளையின் எடையைப் பெரிதாகச் சொல்வார்கள். கணக்குப் போட்டால் அது ஒன்றுமில்லை. 7 மி.மீ. ஹெக்ஸ் கம்பி நடுத்துளை போக ஒரு மி.மீ. நீளத்துக்குப் பித்தளையில் சுமார் 0.3 கிராம், அலுமினியத்தில் சுமார் 0.1 கிராம். 4 மி.மீ. கூடுதல் தடிமனுக்கு நான்கு வீலும் சேர்த்தே பித்தளை தருவது 5 கிராம்தான். எடை வேண்டுமென்றால் அது வீலில் கிடைக்கும், ஹெக்ஸில் கிடைக்காது. பித்தளையைத் தேர்ந்தெடுக்க வேறு நல்ல காரணம் உண்டு: மலிவான அலுமினிய ஹெக்ஸில் எம்2 மரை சீக்கிரம் தேய்ந்துபோகும், குறுக்குப் பின் உட்காரும் பள்ளமும் அகன்றுவிடும்.

கையில் வந்ததும் பார்க்க வேண்டியது துளையின் இறுக்கம். ஸ்டப்பில் சொருகி விரலால் ஆட்டிப் பாருங்கள். 6 மி.மீ. நீள ஹெக்ஸில் 0.1 மி.மீ. ஆட்டம் இருந்தால், 27 மி.மீ. ஆரமுள்ள டயரின் விளிம்பில் அது அரை மில்லிமீட்டர் தள்ளாட்டமாகத் தெரியும். வண்டி ஓடுவதற்கு அது தடையில்லை. ஆனால் அந்த ஆட்டம் ஒவ்வொரு அடியிலும் பின்னைத் தின்னும், பள்ளம் வட்டமாகும், கடைசியில் மோட்டார் சுற்றும், வீல் நிற்கும். ஆடுகிற ஹெக்ஸைத் திருப்பி அனுப்புங்கள். பசை வைத்துச் சமாளிக்காதீர்கள்.

அடுத்து, ஹெக்ஸ் வீலுக்குள் எவ்வளவு ஆழம் போகிறது என்று பாருங்கள். குறைந்தது 2 மி.மீ. உட்கார வேண்டும். சிலர் எக்ஸ்டெண்டர் வாங்காமல் வீலுக்கும் ஹெக்ஸுக்கும் நடுவே வாஷர் போட்டு அகலப்படுத்துகிறார்கள். அப்படிச் செய்தால் ஹெக்ஸ் வீலின் குழிக்குள் நுனியளவே நிற்கும். பிளாஸ்டிக் வீலின் ஆறு மூலைகளும் வழித்தெடுத்தது போலாகிவிடும். இந்தக் குறுக்கு வழி வேண்டவே வேண்டாம்.

மாட்டும் விதம்: வெள்ளைத் துணி விரித்து அதன் மேல் வண்டியை வையுங்கள். நட்டைக் கழற்றி, வீலை எடுத்து, ஹெக்ஸை இழுங்கள். குறுக்குப் பின் தானாகக் கீழே விழும், கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது, அதற்குத்தான் துணி. பின்னைச் சுத்தம் செய்து ஒரு துளி கிரீஸ் தொட்டு மீண்டும் சொருகினால் விழாமல் நிற்கும். கிரீஸ் மரையில் படக்கூடாது. புது ஹெக்ஸின் பள்ளம் பின் மேல் முழுவதும் இறங்கியதா என்று பக்கத்திலிருந்து வெளிச்சத்தில் பாருங்கள். பாதியில் நின்றால் நட்டை இறுக்கும்போது பின் வளையும். உள்மரை வகையாக இருந்தால் மரையை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்து, ஊதா நிற லாக்டைட் 222-ஐ ஊசி முனையளவு தொட்டு ஏற்றுங்கள். சிறு மரைகளுக்கென்றே செய்த குறைந்த பலமுள்ள பசை அது. பிறகு சாதாரணக் கைக்கருவியாலேயே கழற்றலாம். சிவப்பு வகையைப் போட்டால் ஸ்டப் முறியும், ஹெக்ஸ் வராது. இந்தப் பசை எதுவும் பிளாஸ்டிக் வீல் மேல் வழியக் கூடாது: ஏபிஎஸ், பாலிகார்பனேட் இரண்டிலும் அது மெல்லிய வெடிப்புகளை உண்டாக்கும். பசை காயும் வரை வீலை மாட்டாதீர்கள். நைலாக் நட்டுக்குப் பசையே தேவையில்லை.

நட்டை எவ்வளவு இறுக்குவது? வீலைப் பிடித்து ஆட்டினால் ஆட்டம் இல்லை, சுற்றினால் பேரிங் தடையின்றிச் சுற்றுகிறது. அங்கே நிறுத்துங்கள். எம்2 மரைக்கு நட் டிரைவரின் பிடியை முழுக் கையால் பிடிப்பதே அதிகம். இரண்டு விரல் போதும்.

இனி இந்தச் சாமானின் உண்மையான பலன். கவிழும் கோணத்தில் கிடைக்கும் இரண்டு மூன்று டிகிரியைவிட, பெரிய டயர் போட்டவர்களுக்கு அது கொடுக்கும் உள் இடைவெளிதான் பெரிது. 60 மி.மீ.-ஐத் தாண்டும் டயர்களை மாட்டினால், முழுவதும் திருப்பும்போது டயரின் உள் தோள் கீழ் லிங்கில் (ஆக்சிலைச் சேசிஸோடு இணைக்கும் தண்டில்) உரசும். ஒரு பக்கம் திருப்பியபடி வண்டி நின்றுவிடும், சர்வோ (வீலைத் திருப்பும் சிறு மோட்டார்) முனகும். 2, 3 மி.மீ. ஹெக்ஸ் இந்த உரசலைப் பெரும்பாலும் தீர்க்கிறது. அதற்காக வாங்குகிறவர் கொடுத்த காசு வீணாகாது.

ஆஃப்செட் வீல்

பெட்டியோடு வரும் டயர்கள் வீலில் ஒட்டப்பட்டவை. எப்படியும் நல்ல டயருக்கு மாறுகிறவர் பீட்லாக் வீல் வாங்கத்தான் போகிறார். அப்போதே ஆஃப்செட் பார்த்து வாங்கினால் ஹெக்ஸுக்குத் தனிச் செலவு இல்லை. நட், ஹெக்ஸ், பின் மூன்றும் பழைய இடத்திலேயே இருக்கும், மரை முழுவதும் பிடிக்கும், கூடுதலாகத் தளர ஒரு இணைப்பும் இல்லை. இதனால்தான் இதை முதலில் வைக்கிறோம்.

ஆஃப்செட்டை விற்பனைப் பக்கத்தில் எழுதியபடி நம்பாதீர்கள். கூட்டல் குறியையும் கழித்தல் குறியையும் ஒவ்வொருவர் ஒவ்வொரு விதமாகப் போடுகிறார்கள். வெர்னியர் அளவுகோலால் அளக்க வேண்டியது ஒன்றே: வீலின் உள் விளிம்பிலிருந்து ஹெக்ஸ் போய் முட்டும் தளம் வரை உள்ள ஆழம். வீலின் மொத்த அகலம் 12 மி.மீ., அந்த ஆழம் 3 மி.மீ. என்றால், வீலின் நடு 6-ல் இருக்கிறது, முட்டும் தளம் 3-ல் இருக்கிறது; ஆக வீலின் நடு, தளத்திலிருந்து 3 மி.மீ. வெளியே நிற்கிறது. பழைய வீலையும் இப்படியே அளந்து கழித்தால் உண்மையாக எவ்வளவு அகலம் கூடும் என்று வந்துவிடும். வாங்குவதற்கு முன் விற்பவரிடம் இந்த ஒரு அளவைக் கேளுங்கள். சொல்லத் தெரியாதவரிடம் வாங்காதீர்கள்.

மூன்று துண்டு பீட்லாக்கில் இன்னொரு வசதி உண்டு. உள் வளையம், நடு உருளை, வெளி வளையம் என்று தனித்தனியாகக் கழலும் சில வீல்களில் நடு உருளையைத் திருப்பிப் போட்டால் ஆஃப்செட் மாறும். ஆனால் ஹெக்ஸ் குழி இரு பக்கமும் வெட்டப்பட்டிருந்தால்தான் இது நடக்கும்; ஒரு பக்கம் மட்டும் குழி உள்ளதைத் திருப்பினால் ஹெக்ஸ் எங்கும் உட்காராது. பெரிய 1.9 அங்குல வீல்களில் வான்க்விஷ் நிறுவனம் எஸ்எல்டபிள்யூ என்று வெவ்வேறு தடிமனில் ஹப் மட்டும் தனியாக விற்கிறது. வீலை வைத்துக்கொண்டு ஹப்பை மாற்றினால் அகலம் மாறும். 1.0 அங்குலத்திலும் அந்த ஏற்பாடு பரவலானால் இந்தக் கட்டுரையில் பாதிக்கு வேலை இருக்காது.

பித்தளை வீல் ஒன்று 20 கிராமுக்கு மேல், சில 30 கிராமையும் தாண்டும். அந்த எடை ஆக்சில் உயரத்தில், அதாவது வண்டியின் எடை மையத்துக்குக் கீழே உட்காருகிறது. அகலமும் தாழ்வும் ஒரே சாமானில் கிடைப்பதால் பலகைச் சோதனையில் இதன் பலன் ஹெக்ஸை எளிதில் தாண்டும். நான்கு வீலும் பித்தளையாக வேண்டியதில்லை. முன்னால் இரண்டு பித்தளை, பின்னால் இரண்டு அலுமினியமோ பிளாஸ்டிக்கோ போட்டால் ஏற்றத்தில் முன் எடை நிற்கும், மோட்டாருக்கும் சுமை குறையும்.

ஒட்டிய பழைய டயரை மீட்க நினைப்பவர்கள் வீலைக் கொதிநீரில் சில நிமிடம் போட்டு, பசை இளகியதும் தட்டையான பிளாஸ்டிக் நெம்பியால் விளிம்பு விளிம்பாகப் பிரிக்கலாம். அசிட்டோனில் ஊறப்போடும் பழக்கம் பெரிய வண்டிகளின் நைலான் வீலிலிருந்து வந்தது. ஏபிஎஸ் வீலை அசிட்டோன் கரைத்துவிடும்.

பீட்லாக் ஸ்க்ரூக்கள்தான் இந்த வீல்களின் பலவீனம். தலை மிகச் சிறியது, மிருதுவான எஃகு. பொருந்தாத டிரைவரால் ஒரு முறை வழுக்கினால் முடிந்தது. டயரின் விளிம்பு பள்ளத்தில் சுற்றிலும் உட்கார்ந்ததை விரலால் தடவிப் பார்த்த பிறகு, எல்லா ஸ்க்ரூவையும் தளர்வாக ஏற்றி, எதிரெதிராக மாற்றி மாற்றி ஒவ்வொரு கால் சுற்றாக இறுக்குங்கள். ஒரு பக்கமாகத் தொடங்கி வட்டமாக இறுக்கினால் வளையம் சாய்ந்து, கடைசி ஸ்க்ரூ மரையைப் பிடிக்காது. உதிரி ஸ்க்ரூ வராத வீலை வாங்காதீர்கள் என்றே சொல்வோம்.

அகலத்தின் விலையைக் கட்டுவது சர்வோ

ஹெக்ஸ், ஆஃப்செட் வீல் இரண்டுக்கும் பொதுவான ஒரு கேடு இருக்கிறது. விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை. இரண்டுமே வீலை வெளியே தள்ளுகின்றன, ஆனால் வீல் திரும்பும் அச்சு, அதாவது நக்கிளின் (முன் வீலைத் தாங்கித் திரும்பும் துண்டின்) கிங்பின், பழைய இடத்திலேயே நிற்கிறது. டயர் தரையைத் தொடும் இடத்துக்கும் கிங்பின்னுக்கும் உள்ள தூரம் 10 மி.மீ. ஆக இருந்தது 14 ஆகிறது என்று வையுங்கள். சர்வோ தள்ள வேண்டிய சுமையின் இந்தப் பங்கு 40 சதவீதம் கூடிவிட்டது.

கார்களில் இது அவ்வளவு தெரியாது, ஏனென்றால் திருப்பும்போது ஒரு வீல் முன்னும் மற்றது பின்னும் உருண்டு சுமையைக் குறைத்துக்கொள்ளும். எஸ்சிஎக்ஸ்24-ன் ஆக்சிலில் டிஃபரன்ஷியல் இல்லை. இரண்டு வீலும் ஒன்றாகவே சுற்றும். நின்ற இடத்தில் திருப்பினால் இரண்டு டயரும் உருள வழியில்லாமல் தரையைத் தேய்த்தபடியே திரும்ப வேண்டும். 500 கிராம் வண்டியில் முன் ஆக்சிலில் 55 சதவீத எடை, டயரின் பிடிப்பு அதன் மேல் உள்ள எடைக்குச் சமம் என்று வைத்தால், 10 மி.மீ. தூரத்துக்கு இந்தத் தேய்ப்பு மட்டும் 0.28 கிலோ-செ.மீ.; 14 மி.மீ.-க்கு 0.39. இது சமதளத்தில். டயர் பாறைப் பிளவில் சிக்கி மோட்டாரும் தள்ளினால் இதைப் பல மடங்கு தாண்டும். பெட்டியோடு வரும் சர்வோ இதற்கு ஆகாது; உள்ளே பிளாஸ்டிக் பல்லு வழித்துக்கொள்ளும்.

ஆகவே அகல ஹெக்ஸோ வீலோ வாங்குகிறவர் உலோகப் பல்லுள்ள சர்வோவுக்கும் சேர்த்தே பணம் ஒதுக்க வேண்டும். 12 கிராம் வகையான எமாக்ஸ் இஎஸ்08எம்ஏ பலர் போடுவது. அதைப் பொருத்த ஒரு மவுண்ட் வேண்டும். சர்வோ பலமாகும்போது மின்சாரமும் கூடுதலாக இழுக்கும். திருப்பியபடியே ஏறச் சொன்னால் வண்டி ஒரு நொடி செத்துப் பிழைக்கிறது என்றால், ஈஎஸ்சி (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் சுற்று) தரும் மின்னழுத்தம் தாழ்ந்து ரிசீவர் அணைந்து எரிகிறது என்று பொருள். டிரான்ஸ்மிட்டரில் ஸ்டியரிங் எல்லையைக் குறைத்து, நக்கிள் முட்டி நிற்பதற்கு ஒரு மயிரிழை முன்பாகவே சர்வோ நிற்கும்படி வையுங்கள். முட்டிய பிறகும் தள்ளும் சர்வோதான் அதிகம் இழுக்கிறது.

நக்கிளையும் கவனியுங்கள். வீல் வெளியே போகப்போக ஒவ்வொரு விழுகையின் அடியும் நீண்ட நெம்புகோலாக நக்கிள் ஸ்க்ரூவில் இறங்கும். பிளாஸ்டிக் நக்கிளில் அந்தத் துளைகள் முட்டை வடிவமாகும். வீலை மேலும் கீழும் ஆட்டினால் கடகடவென்று சத்தம் வந்தால் அதுதான். 4 மி.மீ.-க்கு மேல் ஹெக்ஸில் போகாதீர்கள் என்று சொல்வதன் காரணமும் இதுதான்.

அகல ஆக்சில்

இங்கே ஆக்சில் குழாயே நீள்கிறது. கிங்பின்னும் வீலோடு சேர்ந்து வெளியே போகிறது. டயருக்கும் கிங்பின்னுக்கும் உள்ள தூரம் மாறுவதில்லை, சர்வோவுக்குக் கூடுதல் சுமையில்லை, நக்கிளுக்கு நெம்பு இல்லை. எந்திரவியல்படி மூன்றிலும் இதுவே நேர்மையான வழி. பித்தளைக் குழாயாக இருந்தால் எடையும் மிகத் தாழ்வான இடத்தில் வந்து சேரும்.

விலை அதிகம், வேலையும் அதிகம். செட் வாங்கும்போது பெட்டியில் என்னென்ன இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். குழாய் மட்டும் வந்து, நீண்ட ஆக்சில் ஷாஃப்டுகள் வராத செட்டுகள் உண்டு. முன் ஆக்சிலில் இரண்டு பக்க ஷாஃப்டும் ஒரே நீளம் இல்லை, இடது வலது பார்த்து மாட்ட வேண்டும். பக்கத்துக்கு 4 மி.மீ. கூடினால் இரண்டு நக்கிளையும் இணைக்கும் டை ராட் 8 மி.மீ. நீள வேண்டும், பழைய ராட் மரையில் அவ்வளவு திருகி நீட்ட முடியாது, பந்து முனை கழன்று வந்துவிடும். சர்வோவிலிருந்து நக்கிளுக்கு வரும் லிங்கும் 4 மி.மீ. அளவுக்கு மாறும். இவை இல்லாமல் அகல ஆக்சில் மட்டும் வாங்கினால் இரண்டு டயரும் கால் கோணிய மாதிரி உள்ளே பார்க்கும் அல்லது வெளியே பார்க்கும்.

சேர்க்கும்போது ஆக்சிலுக்குள் இருக்கும் கிரவுன் (பெரிய பல்சக்கரம்), பினியன் (சிறிய பல்சக்கரம்) பல்லுகளின் இடைவெளியைப் பார்க்காமல் மூடாதீர்கள். ஒரு கையால் பினியனைப் பிடித்து மறு கையால் வீலை அசைத்தால் கடுகளவு ஆட்டம் இருக்க வேண்டும். சுத்தமாக ஆட்டமே இல்லாவிட்டால் பல் அரைக்கும், அதிகமானால் தாவும். சில செட்டில் மெல்லிய ஷிம் வாஷர் வரும், இதைச் சரிசெய்யத்தான். கிரீஸைப் பல்லில் மட்டும் மெலிதாகத் தடவுங்கள்.

முன்னும் பின்னும் இரண்டையும் ஒரே அளவு அகலப்படுத்துவது நல்லது. காசு ஒன்றுக்கு மட்டும் இருக்கிறதென்றால் முன்னால் போடுங்கள். முன் அகலம் கூடிய வண்டி பாறையைக் கடந்தபின் பின் வீல் சிக்காமல் வந்துவிடும். பின்னால் மட்டும் அகலமான வண்டி, முன் வீல் நுழைந்த சந்தில் பின் வீலை மாட்டிக்கொள்ளும். போட்டிக்குப் போகிறவர்கள் தங்கள் பிரிவின் அகல வரம்பை முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தானே செய்ய நினைப்பவர்களுக்கு

3டி பிரிண்டர் உள்ளவர்கள் ஹெக்ஸை அச்சிட்டுப் போட ஆசைப்படுவார்கள். அளவு பார்ப்பதற்கு அது அருமையான வழி: 2, 3, 4 மி.மீ. என்று மூன்று ஜோடி அச்சிட்டு, பலகையில் வைத்து, எந்த அகலத்தில் டயர் உரசாமல் திரும்புகிறது என்று கண்டுபிடித்து, அந்த அளவில் உலோகத்தை வாங்கலாம். ஓட்டுவதற்கு அது நிற்காது. பிஎல்ஏ என்ற அச்சுப் பிளாஸ்டிக் 60 டிகிரி சூட்டிலேயே இளகும். வெயிலில் நிறுத்திய மூடிய காருக்குள் வைத்தாலே கோணிவிடும். ரெசின் அச்சு மூலையில் சில்லுச் சில்லாக உடையும். பெட்ஜி ஓரளவு தாக்குப்பிடிக்கும், அதுவும் உள்ளே முழுவதும் நிரப்பி அச்சிட்டால்.

கோவையிலோ அம்பத்தூரிலோ தெரிந்த லேத் பட்டறை இருந்தால் பித்தளையில் செய்து வாங்குவதே சிறந்தது. 7 மி.மீ. ஹெக்ஸ் என்பது சாதாரண எம்4 நட்டின் அளவுதான். அந்த அளவில் பித்தளை ஹெக்ஸ் கம்பி கேட்டுப் பாருங்கள், முகத்தைக் கடைய வேண்டிய வேலையே இல்லை. உங்கள் ஸ்டப்பையும் பின்னையும் கையோடு கொண்டுபோய்க் கொடுங்கள். துளையை டிரில்லால் மட்டும் போடாமல் ரீமர் (துளையைச் சரியான அளவுக்குக் கொண்டுவரும் கருவி) விட்டு முடிக்கச் சொல்லுங்கள், குறுக்குப் பின்னுக்கான பள்ளத்தை நடுக்கோட்டில் வெட்டச் சொல்லுங்கள். நான்கும் ஒரே நீளமா என்று 0.05 மி.மீ.-க்குள் பார்த்து வாங்குங்கள். ஒன்று மட்டும் அரை மி.மீ. கூடினால் வண்டி நேராக ஓடும்போது தெரியாது, பலகையில் உடனே தெரியும்.

வீல் வெளியே வந்ததும் பாடி உரசும். முன்பு மட்கார்டுக்கு உள்ளே ஒளிந்திருந்த டயர் இப்போது அதன் விளிம்புக்கு நேர் கீழே நிற்கிறது. சஸ்பென்ஷன் அமுங்கும்போது விளிம்பு நேராக டயரின் முகத்தில் இறங்கும். திருப்பினால் டயர் முன்னைவிடப் பெரிய வளைவில் வீசும்: 35 டிகிரி திருப்பத்தில் 4 மி.மீ. கூடுதல் அகலத்துக்கு முன்பின்னாக 2.3 மி.மீ. கூடுதல். பாடியை வெட்டுவதற்கு முன் ஒரு முன் வீலை முழுவதும் அமுக்கி இருபுறமும் திருப்பிப் பார்த்து, உரசும் இடத்தை மார்க்கரால் குறியுங்கள். லெக்சான் (மெல்லிய பாலிகார்பனேட்) பாடியென்றால் வளைந்த கத்தரி, கெட்டிப் பிளாஸ்டிக் என்றால் சாண்டிங் டிரம் (உப்புத்தாள் உருளை) அல்லது வட்ட அரம். குறித்த கோட்டுக்கு ஒரு மி.மீ. உள்ளேயே நிறுத்தி, மீண்டும் மாட்டிப் பார்த்து, தேவையானால் மட்டும் மேலும் எடுங்கள்.

முதல் பேட்டரி தீர்ந்ததும் நான்கு நட்டையும் ஒரு முறை தொட்டுப் பாருங்கள். புதுப் பித்தளை உட்கார்ந்து சற்றே தளர்வது இயல்பு. இரண்டாவது பேட்டரிக்குப் பிறகும் அதே நட் தளர்ந்தால் மேலும் இறுக்காதீர்கள். வீலைக் கழற்றி, குறுக்குப் பின் வளைந்திருக்கிறதா, பள்ளம் அகன்றிருக்கிறதா, நைலானுக்கு வெளியே மரை தெரிகிறதா என்று பாருங்கள். மூன்றில் ஒன்று தவறியிருக்கும்.